பச்சை, தழும்பு, அடையாளம்: கொழும்புத் தமிழர் உடம்பின் ஒரு சின்ன வரலாறு

பச்சை குத்துறது என்று சொல்கிறோம். ஆனால் உள்ளே போகிற மை பச்சை நிறமே இல்லை. விளக்குக் கரி, சுத்தக் கறுப்பு. தோலின் மேற்படைக்குக் கீழே கறுப்பு போய் உட்கார்ந்த பிறகு, வெளிச்சம் தோலுக்குள் சிதறித் திரும்பி வருவதால் கண்ணுக்கு அது நீலமாகத் தெரியும். எங்கட மண்ணிறத் தோலில் அந்த நீலமும் பச்சையாகி விடுகிறது. மை செய்தவரைப் பார்த்து வைத்த பெயர் இல்லை இது. குத்தி ஆறின கையைப் பார்த்து வைத்த பெயர்.

சிங்களத்திலும் அதற்குப் ‘பச்ச’ என்றுதான் பெயர். பச்ச கொட்டனவா. தெலுங்கில் பச்சபொட்டு. ‘டாட்டூ’ என்ற சொல் மட்டும் பசிபிக் தீவுகளிலிருந்து வந்தது. 1769இல் தஹிட்டிக்குப் போன கப்டன் குக்கின் ஆட்கள் அங்கே கேட்ட ‘டடாவ்’ என்ற சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டு வந்தார்கள். வெள்ளவத்தையில் ஒருவர் “டாட்டூ அடிச்சன்” என்று சொன்னால் ஸ்டைல், “பச்சை குத்தினன்” என்று சொன்னால் காட்டான். செய்தது ஒரே வேலை.

மை செய்கிற முறையைச் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். 1906இல் வந்த அவருடைய தென்னிந்திய இனவரைவியல் குறிப்புகளில் பச்சை குத்தலுக்கென்றே ஒரு பகுதி உண்டு. மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் சுற்றித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிக்க வேண்டும். மேலே ஒரு மண்சட்டியைக் கவிழ்த்தால் அதன் உள்பக்கம் கரி படியும். அதைச் சுரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை தயார். நாலைந்து தையல் ஊசியைச் சேர்த்துக் கட்டினால் கருவியும் தயார். குத்துவது பெரும்பாலும் குறத்திமார். ஊர் ஊராகப் போய், திண்ணையில் உட்கார்ந்து, நெல்லுக்கோ சில்லறைக்கோ குத்திவிட்டுப் போவார்கள். வலி மறக்கப் பாட்டும் பாடுவார்களாம்.

தர்ஸ்டனை அப்படியே நம்பத் தேவையில்லை. ஆட்களின் மூக்கை அளந்து சாதி கண்டுபிடிக்கப் பார்த்த மனிசன் அவர். ஆனாலும் அந்த மைக் குறிப்பு எனக்குப் பிடிக்கும். ஒரு குறத்தியின் கைத்தொழில் அரசாங்க அச்சில் ஏறியது இப்படியாவது நடந்ததே.

இன்னொரு விசயத்தையும் இங்கேயே சொல்லி விடுகிறேன். “சங்க காலத்திலேயே தமிழர் டாட்டூ குத்தினவை, அதுதான் தொய்யில்” என்று இன்ஸ்டாகிராமில் அடிக்கடி ஒரு படம் சுற்றும். தொய்யில் என்பது சந்தனக் குழம்பு போன்றவற்றால் பெண்களின் தோளிலும் மார்பிலும் எழுதுகிற கோலம். குளித்தால் போய்விடும். பச்சை குத்துவதை நியாயப்படுத்த இரண்டாயிரம் வருசம் பின்னுக்குப் போய்ப் பொய் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு தலைமுறை பின்னுக்குப் போனாலே போதும்.

கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், மலையகத்திலிருந்து வந்து குடியேறின வீடுகளில் எண்பது வயது தாண்டின ஆச்சிமாரின் முன்கையைப் பாருங்கோ. புள்ளிக் கோலம், தேள், சில நேரம் அண்ணனுடைய பெயர், சில நேரம் தன்னுடைய பெயரே. “செத்தா தாலியைக் கழட்டுவாங்க, தோட்டைக் கழட்டுவாங்க, இதை மட்டும் ஒருத்தனும் கழட்ட ஏலாது” என்று எங்கட ஒழுங்கையில் இருந்த ஓர் ஆச்சி சொல்லுவா. இந்தியா முழுக்க இந்த நம்பிக்கை உண்டு. பொன் வாங்க முடியாத பெண்ணுக்கு இது நகை. அதனாலேயேதான் பொன் வாங்க முடிந்த வீடுகளில் இது இழிவு. “எங்கட ஆக்கள் அப்படிக் குத்திறேல்லை” என்று யாராவது சொல்லும்போது, அந்த ‘எங்கட’ எவ்வளவு சின்ன வட்டம் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். டாட்டூ வேண்டாம் என்பதற்குச் சொல்லப்படுகிற காரணங்களில் பாதி சமயமும் இல்லை, சுகாதாரமும் இல்லை. சாதிதான்.

மற்றப் பாதி பயம். அதற்குத் தனி வரலாறு இருக்கிறது.

உடம்பில் அடையாளம் போடும் வேலையை அரசாங்கங்களும் செய்திருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பனி 1797இல் வங்காளத்தில் ஒரு சட்டம் கொண்டு வந்தது. ஆயுள் கைதிகளின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தலாம். பிறகு சென்னை மாகாணத்திலும் அது நடந்தது. 1849இல்தான் நிறுத்தினார்கள். ஊர்ப் பெண்கள் அழகுக்குக் குத்தின அதே ஊசி, அதே மை. குத்தச் சொன்னவர் வேறு, அவ்வளவுதான்.

1860இலிருந்து நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போன தமிழர்களின் கப்பல் பதிவேடுகளில் பெயர், தகப்பன் பெயர், சாதி, ஊர் என்று எழுதிக்கொண்டு வந்து, உடம்பிலுள்ள அடையாளம் என்றும் ஒரு கட்டம் இருக்கும். ஆள் ஓடினால் பிடிப்பதற்கு. இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தவர்களுக்குத் தோட்டத்தின் எழுத்தும் ஆள் இலக்கமும் பொறித்த தகரத் துண்டு கொடுத்தார்கள். உடம்பைப் படிவமாக வாசிக்கிற பழக்கம் அங்கேயே தொடங்கி விட்டது.

கட்சிகளும் செய்தன. நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். 1970களில் தன் கட்சிக்காரர் எல்லாரும் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்த வேண்டும் என்று கேட்டார். உடன்படாத தலைவர்கள் கட்சிக்கு வெளியே போக வேண்டி வந்தது. ஆயிரக்கணக்கான கைகளில் அந்தக் கொடி ஏறியது. கட்சி மாற நினைத்தவர்கள் கையை என்ன செய்தார்கள் என்று யோசித்தால் சிரிப்பும் வருகிறது.

கொழும்புக்கு வருவோம். 1958 கலவரத்தில் தமிழ் ஆண்களைக் கண்டுபிடிக்கக் காதைப் பார்த்தார்கள். கடுக்கன் போட்டுக் கழற்றின துளை காட்டிக் கொடுத்தது. 1983 ஜூலையில் பெண்கள் பொட்டை அழித்துக்கொண்டு காலி வீதியைக் கடந்தார்கள். ‘பல்திய’ என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி நாக்கையும் சோதித்தார்கள். பொட்டை அழிக்கலாம், உச்சரிப்பைப் பழகலாம். காதுத் துளையை என்ன செய்வது? அழிக்க முடியாதது எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்ற பாடத்தை ஒரு தலைமுறை அந்த நாட்களில் கற்றுக்கொண்டது.

யுத்த காலத்தில் அது தழும்புக்கு வந்தது. சோதனைச் சாவடியிலும் ரவுண்டப்பிலும் அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, வந்த காரணம் எல்லாம் கேட்ட பிறகு, சட்டையைத் தூக்கு, முழங்கையைக் காட்டு, முழங்காலைக் காட்டு. பங்கரில் தவழ்ந்த தழும்பா, குண்டுச் சிதறல் பட்ட காயமா என்று பார்ப்பதற்கு. என் மாமா ஒருவருக்குக் கிரிக்கெட் விளையாடி விழுந்து முழங்காலில் ஒரு பெரிய தழும்பு. 2006இலும் 2007இலும் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது, தன்னுடைய பள்ளிக்கூட அணிப் படத்தின் பிரதி ஒன்றைப் பர்சுக்குள் வைத்திருப்பார். விழுந்ததற்குச் சாட்சி.

இது வெறும் வீட்டுக் கதை இல்லை. கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்படும் தமிழருக்கு என்ன ஆபத்து என்று 2007 ஆகஸ்டில் பிரித்தானியாவின் அகதி மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒரு வழிகாட்டித் தீர்ப்புக் கொடுத்தது. கவனிக்க வேண்டியவை என்று அதில் 12 காரணிகள். தமிழராக இருப்பது, அடையாள அட்டை இல்லாதது, முன்பு கைதானது என்று போகிற அந்தப் பட்டியலில், உடம்பில் தழும்பு இருப்பதும் ஒன்று. அதே வருசம் ஜூன் 7 விடியற்காலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழரை பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட்டது. மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் பிறகு வருத்தம் தெரிவித்தார். சரி. ஆனால் அன்று காலை பஸ்ஸுக்குள் இருந்த ஒருவருக்கு, தன் கையில் ஏதும் எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற யோசனை வராமல் இருந்திருக்குமா?

இந்தப் பின்னணியோடுதான் 2009க்குப் பிறகு வளர்ந்த நாங்கள் டாட்டூக் கடைக் கதவைத் தள்ளுகிறோம். கொழும்பில் இப்போது கடைகளுக்குக் குறைவில்லை. கருவி மட்டும் மாறியிருக்கிறது. எடிசனின் மின்சாரப் பேனாவைத் தழுவி சாமுவேல் ஓ’ரைலி என்பவர் நியூயோர்க்கில் 1891இல் காப்புரிமை வாங்கின இயந்திரத்தின் பேரப்பிள்ளைகள்தான் அந்த ‘ர்ர்ர்’ சத்தம்.

நான் 24 வயதில் குத்தினேன். இடது முன்கையின் உள்பக்கம், ஏழு புள்ளிக் கோலம். நாற்பது நிமிடம். வலி என்று சொன்னால் கொஞ்சம் மிகை, நெருப்பெறும்பு வரிசையாகக் கடிக்கிற மாதிரி. அன்று இரவு வீட்டில் பெரிய சண்டை வரும் என்று தயாராக இருந்தேன். அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை வேலைக்கு வெளிக்கிடும்போது, “கைநீளச் சட்டையாப் போட்டுக்கொண்டு போ” என்றா. கலாசாரம் பற்றியோ கல்யாணச் சந்தை பற்றியோ பேசுவா என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் பெரியம்மாவின் இலாகா. அம்மாவின் கேள்வி ஒன்றே ஒன்று: “பிடிச்சுக் கேட்டா என்னண்டு சொல்லுவாய்?” யார் பிடிப்பது, ஏன் பிடிப்பது என்று நான் திருப்பிக் கேட்டதற்கு அவவிடம் பதில் இல்லை. கேள்வி மட்டும் இன்னும் இருக்கிறது.

முதல் மூன்று மாதம் கையை நானே மறைத்துக்கொண்டுதான் திரிந்தேன். கல்யாண வீட்டில் மணிக்கூட்டை மேலே ஏற்றிக் கட்டினேன், கோவிலில் சால்வையை அந்தப் பக்கம் தொங்கவிட்டேன். அம்மாவின் பயம் எனக்கும் தொற்றி விட்டதோ, புதுச் சட்டை போட்ட கூச்சமோ, இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியாது. 100ஆம் இலக்க பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் சட்டைக் கை இறங்கி விடும். யாரோ பார்ப்பார்கள். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி விடுவார்கள். இப்படி நூறு தரம் நடந்த பிறகு கையை மறந்து போனேன். பழகினது அவ்வளவுதான். துணிச்சல் என்று பெரிய பெயர் வைக்க ஒன்றுமில்லை.

ஆனால் நாடு மறந்து விட்டது என்று சொல்ல ஏலாது. 2013இல் கையில் புத்தர் படம் குத்தியிருந்த பிரித்தானியர் ஒருவரைக் கட்டுநாயக்காவிலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். 2014 ஏப்ரலில் மேற்கையில் தாமரை மேல் அமர்ந்த புத்தரைக் குத்தியிருந்த பிரித்தானியத் தாதி ஒருவரைக் கைது செய்து, தடுத்து வைத்து, நாடு கடத்தினார்கள். அவர் பௌத்த மதத்தில் ஈடுபாடு உள்ளவர், அதனாலேயே குத்தியவர். 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து, வழக்குச் செலவோடு 8 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. வழக்குப் போட கடவுச்சீட்டும் வசதியும் உள்ளவருக்கு மூன்றரை வருசம் எடுத்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். அம்மாவின் கேள்வியை நான் முழுதாகத் தள்ளி விடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

குத்தப் போகிறவர்களுக்குச் சில விசயம். ஊசி உங்கள் கண்முன்னே புதுப் பைக்கற்றிலிருந்து பிரிக்கப்பட வேண்டும், மை தனிச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றப்பட வேண்டும். மஞ்சள் காமாலை வகைக் கிருமிகள் பழைய ஊசியில்தான் பயணம் செய்யும். இரண்டு மூன்று கிழமைக்கு வெள்ளவத்தைக் கடலில் இறங்காதீர்கள், வெயிலையும் காட்டாதீர்கள். இரத்ததானம் ஒரு காலத்துக்குத்தான் தடை, ஆயுளுக்கு இல்லை. இதைச் சொல்லி பயமுறுத்துகிற மாமாக்கள் கனபேர்.

மை ஏன் போகாமல் நிற்கிறது என்பதற்கும் விடை இருக்கிறது. தோலுக்குள் வந்த கரித் துகளை அந்நியம் என்று நினைத்து எங்கள் நோயெதிர்ப்புக் கலங்கள் விழுங்குகின்றன, சமிக்க முடியாமல் வைத்துக்கொள்கின்றன. அந்தக் கலம் செத்தால் துகள் வெளியே விழும். பக்கத்திலுள்ள புதுக் கலம் அதை எடுத்துக்கொள்ளும். 2018இல் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் காட்டினார்கள். கைமாறிக் கைமாறிப் போகும்போது ஒவ்வொரு துகளும் கொஞ்சம் நகரவும் கூடும். ஒழுங்கை ஆச்சியின் கையில் புள்ளிகளும் கோடும் ஒன்றோடொன்று கலந்து, எது தேள் எது கோலம் என்று அவவே சொன்னால்தான் விளங்கும் என்ற நிலையில் இருந்தது. ஒருநாள் அது தேள் என்பா, மறுநாள் தேர் என்பா.