கிராம சபையும் நம் மக்களும்

நமது சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் இளைஞர்களுக்கு ஒரு பாடத்தை நினைவூட்ட விழைகின்றோம். அது பள்ளிப் புத்தகத்தில் இரண்டு பக்கங்களில் முடிந்துவிடும் பாடம். ஆயின் வாழ்க்கையில் முடியாத பாடம். மேல்மலையனூர் வட்டாரத்தில் பிறந்த குழந்தைக்கும் அடுத்த அமாவாசை என்றைக்கு என்பது தெரியும். அங்காளம்மன் ஊஞ்சலைக் காண எங்கெங்கிருந்தோ மக்கள் திரண்டு வருகின்றனர். ஆனால் தம் ஊர்க் கிராம சபை என்றைக்குக் கூடும் என்று கேட்டால், படித்த பிள்ளைகளும் விழிக்கின்றனர்.

‘பஞ்சாயத்து’ என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் இரு பொருள்கள் வழங்குகின்றன. ஊர்ப் பெரியதனக்காரர்கள் கூடித் தீர்ப்புச் சொல்வது ஒன்று. சட்டத்தால் அமைந்த ஊராட்சி மன்றம் மற்றொன்று. முன்னதற்கு எந்தச் சட்டமும் அதிகாரம் அளிக்கவில்லை. இருந்தும் அதன் கை இன்னும் நீண்டே கிடக்கின்றது. நம் விழுப்புரம் மாவட்டத்து ஒட்டனந்தலில் 2021 மே மாதம் நம் முதியவர்கள் மூவர் ஊர்ப் பஞ்சாயத்தார் காலில் விழவைக்கப்பட்டதை நாடறியும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியே நம் மக்கள் பலர் ஊராட்சி மன்றத்தின் வாசலையும் மிதிக்காமல் ஒதுங்கி நிற்கின்றனர்.

அண்ணல் அம்பேத்கர் இவ்வச்சத்தை அறியாதவர் அல்லர். 1948 நவம்பர் 4 ஆம் நாள் அரசியலமைப்பு வரைவை அவையில் முன்வைத்தபோது, கிராமத்தைப் போற்றியவர்களை அவர் கடுமையாக மறுத்தார். கிராமத்தை விடுத்துத் தனிமனிதனையே அடிப்படையாகக் கொண்டது சரியே என்றார். அதே மாதம் 22 ஆம் நாள், தமிழரான கே. சந்தானம் கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு முயல வேண்டும் என்ற திருத்தத்தைக் கொணர்ந்தார். அண்ணல் அதை ஏற்றுக்கொண்டார். அதுவே 40 ஆம் கூறு ஆயிற்று. பஞ்சாயத்து வேண்டும் என்போரும், அது சாதியின் கையில் சிக்கும் என்று அஞ்சுவோரும் ஆகிய இரு தரப்பாரின் கருத்தையும் நம் இளைஞர்கள் படிக்க வேண்டும்.

அதற்கு முன்னரும் ஒரு வரலாறு உண்டு. 1882 இல் ரிப்பன் பிரபு உள்ளாட்சிக்கு வழிகோலினார். எனினும் அந்நாளில் வாக்குரிமை வரி செலுத்துவோருக்கே உரியது. நிலமற்ற நம் முன்னோர் எந்த வரியைச் செலுத்துவர்? பொதுச் சாலையில் நடப்பதற்கும் பொதுக் கிணற்றில் நீர் மொள்வதற்குமே தடை இருந்த காலம் அது. 1924 இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொது வழி, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எவ்வகுப்பாரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தைக் கொணர்ந்து நிறைவேற்றினார். இன்றும் காலனிக்குக் குடிநீர்க் குழாய் கேட்டு நாம் நிற்பது அத்தீர்மானத்தின் வழியில்தான்.

விடுதலைக்குப் பின் 1958 ஆம் ஆண்டுச் சட்டம் ஊராட்சிகளையும் ஒன்றியங்களையும் அமைத்தது. ஆனால் தேர்தல்தான் ஒழுங்காக நடைபெறவில்லை. 1970 க்குப் பின் 1986. அதற்குப் பின் 1996. இடையே ஒரு தலைமுறையே வாக்குச் சாவடி காணாமல் வளர்ந்தது. அரசியலமைப்பின் 73 ஆம் திருத்தமும் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 உம் வந்த பிறகே, மக்கள்தொகைக்கேற்பத் தலைவர் பதவியும் நமக்கு ஒதுக்கப்பட்டது. கிராம சபையும் சட்டத்தில் நிலைபெற்றது.

இவ்வொதுக்கீட்டுக்கு நம் மக்கள் கொடுத்த விலை பெரிது. மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 சூன் 30 ஆம் நாள் மதுரையிலிருந்து பேருந்தில் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார். துணைத் தலைவர் மூக்கனும் உடன் வந்த பிறரும் உயிரிழந்தனர். 2001 இல் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் பத்தாண்டுகள் தேர்தலே நடத்தவிடவில்லை. 2006 இல்தான் முறையாக நடந்தது. அதே பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2 ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கிராம சபையில் மக்களோடு அமர்ந்தார். இதற்கிடையே, 2020 இல் கடலூர் மாவட்டத்துத் தெற்குத்திட்டையில் நம் சமூகத்துப் பெண் தலைவர் தரையில் அமரவைக்கப்பட்ட படமும் வெளிவந்தது. நாற்காலியைச் சட்டம் கொடுத்தது. அதில் அமர விடாதவர்களும் இருக்கின்றனர்.

திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கத்தை நம் இளைஞர்கள் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். விஞ்ஞானியாகப் பணியாற்றிய நம் சமூகத்தவரான இளங்கோ, அவ்வேலையை விட்டு ஊருக்குத் திரும்பி, 1996 இல் தலைவரானார். கல் மெருகிடும் ஆலையில் கழித்துப்போட்ட கற்களைக் கொண்டு குறைந்த செலவில் கழிவுநீர்க் கால்வாய் கட்டினார். திட்ட மதிப்பீட்டை மீறினார் என்று அவர்மீது நடவடிக்கை வந்தது. பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். ஊர் மக்கள் அவர் பக்கம் நின்றனர். முடிவில் அவ்வாணை விலக்கிக்கொள்ளப்பட்டது. வரவும் செலவும் மக்கள் முன் வைக்கப்பட்டிருந்தமையால்தான் அவர்களால் அவருக்காகப் பேச முடிந்தது என்பது நம் கருத்து. பின்னர் அவ்வூரில் நம்மவர் வீடும் பிறர் வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளும் எழுந்தன.

நம் வட்டாரத்துக்கு வருவோம். 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. நம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடைபெற்றது. ஐந்தாண்டுகள் தனி அலுவலர் ஆட்சி. அக்காலத்தில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நம் மக்கள் அலைந்ததை நாம் கண்ணாரக் கண்டோம்.

கிராம சபை சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடிவந்தது. 2022 இல் மார்ச் 22 உம் நவம்பர் 1 உம் சேர்க்கப்பட்டன. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினரே. யாரும் அழைக்க வேண்டியதில்லை. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என வருகை வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. இங்கேதான் சூது நுழைகின்றது. ஓர் ஊரில் கூட்டம் முடிந்த மறுநாள் வருகைப் பதிவேட்டைக் காலனிக்குக் கொணர்ந்து, நம் பெண்களிடம் கையொப்பம் வாங்கிச் சென்றதை நாம் நேரில் கண்டோம். என்ன தீர்மானம் என்று கேட்டதற்கு, “எல்லாம் உங்க நல்லதுக்குத்தாம்மா” என்ற விடையே கிடைத்தது. கையொப்பமிடுமுன் தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்லும் துணிவைப் பெறுவதற்காகவேனும் நம் பெண்கள் எழுத்தறிய வேண்டும்.

கூட்டம் நடைபெறும் இடமும் சிறிய செய்தியன்று. கோயில் வளாகம் போன்ற சமயச் சார்புடைய இடங்களில் கிராம சபை நடத்தலாகாது என்பதும், குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்பதும் அரசு வழங்கிய அறிவுரைகள். நம் தெருவில் கூட்டம் நடத்துமாறு ஊராட்சித் தலைவருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் முன்கூட்டியே எழுத்தில் விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். சுடுகாட்டுப் பாதை, குடிநீர், தெருவிளக்கு முதலிய கோரிக்கைகளைத் தனித்தனித் தாளில் எழுதிக் கொடுத்து, தீர்மான எண்ணைக் குறித்துவையுங்கள். பின்னாளில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் அத்தீர்மானம் என்னாயிற்று என்று கேட்பதற்கு அவ்வெண் வேண்டும். இவற்றுக்கான மாதிரி விண்ணப்பங்கள் நமது சங்க நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. மாலை வேளைகளில் வந்து படியெடுத்துக்கொள்ளலாம்.