வான்கோழி வேட்டைக்கு இத்தனை காகிதமா?

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது வான்கோழிக்கு 'தேந்த்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் 'இந்தியாவினுடையது' என்று பொருள் வரும். ஆனால் அந்தப் பறவையின் பூர்வீகம் இந்தியா அல்ல, வட அமெரிக்கா. மெக்சிகோ மக்கள் வீட்டில் வளர்த்துவந்ததை ஸ்பானியர்கள் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அமெரிக்காவையும் 'இந்தியா' என்றே அழைத்த காலம் அது. அதனால் பிரெஞ்சுக்காரர் இந்தியாவின் பெயரை வைத்தார்கள். ஆங்கிலேயர் துருக்கியின் பெயரை வைத்தார்கள். துருக்கியர் 'ஹிந்தி' என்கிறார்கள். ஆக, பிறந்த ஊரின் முகவரியே இல்லாத பறவை!

இது இப்போது நினைவுக்கு வரக் காரணம் என் தம்பி மகன். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் குடியுரிமை பெற்று வாழ்கிறான். பக்கத்து மாநிலமான மிசௌரியின் ஓசார்க் மலைக்காட்டில் ஏப்ரல் மாதம் கூடாரம் போட்டுத் தங்கி, வான்கோழி வேட்டைக்குப் போக அலுவலக நண்பர் அழைத்திருக்கிறார். சென்ற மாதம் தொலைபேசியில் பேசும்போது அலுத்துக்கொண்டான்.

"ஒரு கோழிக்கு இத்தனை பேப்பரா பெரியப்பா! வெளி மாநிலத்துக்காரன்னு பல மடங்கு கட்டணம் வேற. ஃப்ரெண்டோட வீட்டு அட்ரஸைப் போட்டு உள்ளூர்க்காரன்னு வாங்கிடலாம்னு சொல்றாங்க."

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? பொய்யான குடியிருப்புச் சான்றிதழ்கள் என் மேசைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. "அவசரப்படாதே, விதிகளையெல்லாம் எனக்கு அனுப்பு" என்றேன். படிக்கப் படிக்க, ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது.

ஐரோப்பியர் குடியேறியபோது அந்தக் காடுகளில் வான்கோழிக்குப் பஞ்சமில்லை. காடுகளை வெட்டி நிலமாக்கினார்கள். காலக்கெடு, கணக்கு எதுவும் இல்லாமல் சுட்டுச் சந்தையில் விற்றார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1851-க்குப் பிறகு காட்டு வான்கோழியே இல்லை. 1930-களில் நாடு முழுவதிலும் எஞ்சியவை, மனிதன் எளிதில் போகமுடியாத சதுப்புகளிலும் மலைகளிலும் ஒதுங்கியிருந்தவை மட்டுமே.

1900-ஆம் ஆண்டு லேசி சட்டம் வந்தது. அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஜான் லேசி என்ற காங்கிரஸ் உறுப்பினர் கொண்டுவந்தது. ஒரு மாநிலச் சட்டத்தை மீறிப் பிடித்த விலங்கையோ பறவையையோ இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோனால், அது மத்திய அரசின் குற்றம். சந்தை வேட்டைக்காரரின் சரக்கு ரயிலேறுவதைத் தடுக்க வந்த சட்டம் அது.

1937-இல் பிட்மன் – ராபர்ட்சன் சட்டம். துப்பாக்கி, தோட்டா மீது வசூலிக்கும் தீர்வையை வனவிலங்குப் பணிக்கென்றே ஒதுக்கியது. நீண்ட துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் இப்போது அது 11 சதவீதம். திட்டச் செலவில் முக்கால் பங்கு மத்திய நிதி, கால் பங்கு மாநில நிதி. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பதைப் பாதி நிலப்பரப்பை வைத்தும் பாதி உரிமம் பெற்றவர்களின் எண்ணிக்கையை வைத்தும் கணக்கிடுகிறார்கள். இதில் ஒரு நிபந்தனை உண்டு. வேட்டை உரிமக் கட்டணத்தை மாநில அரசு வேறு செலவுக்குத் திருப்பக்கூடாது. கோப்பு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சட்டத்தின் உயிரே இந்த ஒரு வரிதான்.

மிசௌரி மக்கள் 1936-இல் வாக்களித்து, அரசியல் தலையீடு இல்லாத வனவிலங்கு ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். அது வான்கோழி வேட்டையையே நிறுத்திவைத்தது. பண்ணையில் வளர்த்த பறவைகளை ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டும் பயனில்லை. தாய் சொல்லிக்கொடுக்காத குஞ்சுக்கு நரியைக் கண்டு ஓடத் தெரியவில்லை. காட்டுப் பறவையையே பிடித்து வேறு காட்டில் விடவேண்டும். பிடிப்பது எப்படி? நீர்ப்பறவைகளுக்காக ஒரு வலையை உருவாக்கியிருந்தார்கள். சிறு பீரங்கிக் குழல்கள் வெடித்து, தீனி தின்னும் கூட்டத்தின்மேல் வலையை வீசும். 1951-இல் தென் கரோலினாவில் அதை வைத்து முதன்முறையாகக் காட்டு வான்கோழிகளைப் பிடித்தார்கள்.

மிசௌரியில் 1954-இல் இந்த வேலை தொடங்கியது. சுமார் 25 ஆண்டுகளில் 2,600 பறவைகள் அளவுக்கு இடம் மாற்றினார்கள். 1960-இல் மூன்றே நாள், 14 வட்டாரங்களில் மட்டும் வசந்தகால வேட்டைக்கு அனுமதி தந்தார்கள். அன்று கிடைத்த பறவைகள் 94. பிறகு மற்ற மாநிலங்களுக்கும் கொடுக்கும் அளவுக்குப் பெருகின. மாசசூசெட்ஸுக்கு 1972, 73-இல் நியூயார்க் மாநிலத்திலிருந்து 37 பறவைகள் போயின. 120 ஆண்டுகள் வெறுமையாயிருந்த இடத்தில் இன்று ஊர்த்தெருவிலேயே வான்கோழி நடக்கிறது. நாடு முழுவதும் பல லட்சங்களாகிவிட்டன.

இனி என் தம்பி மகனின் காகிதங்களைப் பாருங்கள். வசந்தத்தில் சேவலையோ, மார்பில் தாடிபோல் இறகுக் கற்றை தொங்கும் பறவையையோதான் சுடலாம். ஒரு சேவல் பல பெட்டைகளுடன் சேர்வதால், சில சேவல்கள் குறைந்தாலும் முட்டை குறையாது. சுட்டதை அன்றே துறைக்குத் தெரிவிக்கவேண்டும், கணக்கு அப்படித்தான் கிடைக்கிறது. பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். இதை முதலில் கட்டாயமாக்கியது நியூயார்க், 1949-இல். சிவப்பு, வெள்ளை, நீல நிறத் துணி கூடாது என்று அறிவுரை. சேவலின் தலை அந்த நிறங்களில் இருப்பதால் இன்னொரு வேட்டைக்காரர் மனிதரைப் பறவை என்று எண்ணிவிடலாம். கூடாரத்துக்கு வேண்டிய விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாமல் அங்கேயே வாங்கச் சொல்கிறார்கள். 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடித்த ஒரு வண்டு, ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்தது. அது விறகுக்குள் ஒளிந்து ஊர் விட்டு ஊர் போகும்.

வெளி மாநிலத்தாருக்குக் கூடுதல் கட்டணம் நியாயமா என்ற வழக்கும் நடந்திருக்கிறது. மொண்டானா மாநிலத்தில் 1976-இல் எல்க் மானை வேட்டையாட உள்ளூர்க்காரருக்கு 9 டாலராக இருந்தது. வெளியார் 225 டாலர் கட்டிக் கூட்டு உரிமமே வாங்கவேண்டியிருந்தது. 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வேறுபாடு செல்லும் என்றது. அந்த மக்கள் ஆண்டு முழுதும் வரி கட்டிக் காட்டைக் காக்கிறார்கள். வருடத்தில் நான்கு நாள் வருகிறவர் அதிகம் கொடுப்பதில் எனக்கும் தவறு தெரியவில்லை.

அவனைக் கூப்பிட்டு விவரமாகச் சொன்னேன். "பொய் முகவரியில் உரிமம் வாங்கினால் அங்கே மிசௌரியில் குற்றம். அந்தக் கறியை வண்டியில் வைத்து மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி வீட்டுக்கு வந்தால் லேசி சட்டம். மிச்சப்படுத்துகிற பணத்துக்கு உன் வேலையையும் பெயரையும் பணயம் வைப்பாயா? அதுவும் இப்போது பல மாநிலங்களில் வான்கோழி மறுபடி குறைகிறது என்கிறார்கள். கான்சாஸில் இலையுதிர்கால வேட்டையையே நிறுத்தியிருக்கிறார்கள். இந்த நேரத்தில் கட்டணத்தில் கைவைக்கலாமா?"

கொஞ்ச நேரம் பேசாமலிருந்தான். "அது சும்மா ஒரு ஃபார்ம்தானேன்னு நினைச்சேன் பெரியப்பா" என்றான்.

எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான் சொல்வார்கள். சும்மா ஒரு படிவம். ஆனால் அந்தப் பறவையைத் திரும்பக் கொண்டுவந்ததில் வலை வீசியவர்களுக்கு எவ்வளவு பங்கோ, கட்டணத்தை வாங்கிக் கணக்கில் வைத்த முகம் தெரியாத எழுத்தர்களுக்கும் அவ்வளவு பங்குண்டு என்று நான் நம்புகிறேன்.

நேற்று அவன் உரிமத்தின் படம் அனுப்பினான். 'வெளி மாநிலத்தவர்' என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. நான்கு நாள் கூடாரம், விறகு அங்கே வாங்குவது, விடியுமுன் காட்டுக்குள் போய் உட்காருவது என்று திட்டமெல்லாம் எழுதியிருந்தான். முதல்முறை போகிறவனுக்குப் பறவை கிடைக்காமலும் போகலாம். வெறுங்கையோடு திரும்பினாலும் அவன் கட்டிய பணம் காட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எனக்கு அது போதும்.