ஒரு கல்லும் மூன்று தலைமுறையும்

கொழும்பு தேசிய நூதனசாலை 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. ஆளுநர் வில்லியம் கிரகறியின் காலத்தில், ஸ்மிதர் வரைந்த திட்டப்படி அதைக் கட்டி முடித்தவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். என்ன வெகுமதி வேண்டுமென்று கேட்டபோது, "வெள்ளிக்கிழமைகளில் மூடி வையுங்கள்" என்றாராம். நம்மவரிடையே வழங்கும் இக்கதையை எனக்குச் சொன்னவர் என் வாப்பா.

முதன்முறை அங்கே போனபோது ஆறாந்தரப் பிள்ளைகளும் உயர்தரப் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். காலி மும்மொழிக் கல்வெட்டின் முன் நின்று எல்லோருக்கும் ஒரே விளக்கத்தைக் கொடுத்தேன். 1409ஆம் ஆண்டுக் கல். சீனக் கடற்றளபதி செங் ஹ கொண்டுவந்தது. காலியில் மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்து 1911இல் வெளிப்பட்டது. பத்து நிமிடத்தில் சின்னவர்கள் கலைந்துவிட்டார்கள். "சேர், எப்ப சாப்பாடு?" என்றான் ஒருவன். கூட வந்த வாப்பா கால் கடுத்துச் சுவரில் சாய்ந்து நின்றார். பிழை கல்லில் இல்லை, என் பேச்சில்.

அடுத்த முறை சின்னவர்களுக்கு வரலாறே சொல்லவில்லை. "தெரிஞ்ச எழுத்தைத் தேடுங்க" என்றேன், அவ்வளவுதான். "இந்தா சேர், தமிழ் மாதிரி ஒண்டு!" என்ற குரலில் மண்டபமே திரும்பிப் பார்த்தது.

உயர்தரத்தாருக்கு மூன்று பகுதிகளின் சாரத்தைத் தாளில் கொடுத்தேன். சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாரையும், மிகவும் தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் முன்னிறுத்துகின்றன. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று நீளும் காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. ஏன் என்று கேட்டேன். "ஒருத்தரையும் பகைச்சுக்கொள்ளாத வியாபாரிட வேலை சேர்" என்றாள் ஒரு மாணவி. நான் ஒரு பாடவேளை முழுதும் சொல்லியிருக்கக்கூடியதை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

வாப்பாவுக்கு ஒரு கதிரை கிடைத்தது. பிள்ளைகள் சுற்றி உட்கார, அவர் வாப்பிச்சி மரிக்காரின் கதையைச் சொன்னார். ஒரு பிள்ளை அதைப் போனில் பதிந்தாள். வாப்பா மௌத்தாகிய பின் எங்களிடம் மிஞ்சியிருக்கும் அவருடைய குரல் அது மட்டுந்தான்.

இன்று நமது ஊர்களில் படிக்கம், வட்டா, அரபுத்தமிழ்க் கிதாபுகளைச் சேர்த்து வைக்கும் ஆர்வம் வளர்ந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் எல்லாவற்றையும் பெரியவர் கண்மட்டத்தில் கண்ணாடிக்குள் பூட்டிப் பெயர் ஒட்டிவிட்டால் போதாது. பிள்ளையின் உயரத்தில் ஒரு தட்டு, இளைஞருக்கு ஒரு கேள்வி, மூத்தவருக்கு ஒரு கதிரை. வட்டாவைப் பாவித்த கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. அவர்களை உட்காரவைத்துக் கேட்க இதுவே நேரம்.