அப்பா ஓய்வுபெறுகிறார்... அப்புறம் என்ன?

"ரிட்டையர் ஆனதும் நிம்மதியா இருப்பேன்." பல வீடுகளில் கேட்கும் வசனம்தான். ஆறு மாதம் போனால் அதே வீட்டில் வேறு வசனம் கேட்கும்: "அப்பாவுக்கு என்னாச்சு? எதைச் சொன்னாலும் கோபப்படுறாரு."

சேமிப்பு இருக்கிறது. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. உடம்பும் பரவாயில்லை. பிறகு என்னதான் குறை?

ஓய்வுக்காலம் என்றாலே நாம் பணத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். சம்பளத்தோடு சேர்த்து வேலை கொடுத்துவந்த மற்ற விஷயங்களை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. 2030க்குள் சிங்கப்பூரர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வயது 65 அல்லது அதற்கு மேல் இருக்கும். அவர்களில் உங்க அப்பாவோ அம்மாவோ இருக்கலாம்.

ஓய்வு வயது என்றால் என்ன?

2022 ஜூலை 1ஆம் தேதி சிங்கப்பூரில் ஓய்வு வயது 63க்கும் மறுவேலை நியமன வயது 68க்கும் உயர்ந்தன. 2026 ஜூலை 1 முதல் அவை 64, 69. 2030க்குள் 65, 70.

இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த வயது வந்ததும் வேலையை விட்டே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. அதற்கு முன்னால், "உங்களுக்கு வயசாயிடுச்சு" என்ற காரணத்துக்காக முதலாளி ஊழியரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அவ்வளவுதான்.

ஓய்வு வயதைத் தொட்ட பிறகும், தகுதியுள்ள ஊழியருக்கு முதலாளி மறுவேலை வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அந்த ஊழியர் சிங்கப்பூரராகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். ஓய்வு வயதுக்கு முன் அதே நிறுவனத்தில் குறைந்தது 2 ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும். வேலையும் உடல்நலமும் திருப்திகரமாக இருக்க வேண்டும்.

ஒப்பந்தம் குறைந்தது ஓராண்டுக்கு. ஆனால் அதே வேலை, அதே சம்பளம் என்ற உத்தரவாதம் கிடையாது. பொருத்தமான வேலை இல்லையென்றால் முதலாளி வேறு நிறுவனத்தில் ஏற்பாடு செய்யலாம், அல்லது ஒருமுறை உதவித்தொகை கொடுக்கலாம். முத்தரப்பு வழிகாட்டி அதை மூன்றரை மாதச் சம்பளம் என்று கணக்கிடச் சொல்கிறது, அதற்குக் குறைந்தபட்ச, அதிகபட்ச வரம்புகளோடு.

அதே வழிகாட்டி, இந்தப் பேச்சைக் குறைந்தது 6 மாதத்துக்கு முன்பே தொடங்கச் சொல்கிறது. மூன்று மாதத்துக்கு முன்பு கையில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். "உங்க ஆபீஸ்ல பேசிட்டாங்களா பா?" என்று பிள்ளைகள் கேட்கலாம். அவராக வந்து சொல்வார் என்று காத்திருந்தால் பல வீடுகளில் கடைசி வாரம்வரை விஷயம் வெளியே வராது.

மத்திய சேமநிதிக் கணக்கு தனி. மாதாந்தரத் தொகையை 65 வயதிலிருந்து பெறலாம். விரும்பினால் 70 வரை தள்ளிப்போடலாம். தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் தொகை 7 விழுக்காடு வரை கூடும்.

சம்பளத்தைத் தவிர வேலை என்ன கொடுக்கிறது?

இதற்கு ஒரு பழைய ஆய்வு நல்ல பதில் வைத்திருக்கிறது. 1930ஐ ஒட்டிய காலம். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியன்டால் என்ற சின்ன ஊர். அந்த ஊரே நம்பியிருந்த நெசவாலை மூடப்பட்டது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் தங்கள் குழுவோடு ஊர்மக்களைக் கவனித்தார்கள். 1933இல் ஆய்வு நூலாக வந்தது.

வேலை போனதால் எல்லாருக்கும் நேரம் நிறைய கிடைத்தது. அப்படியென்றால் நிறையப் படித்திருப்பார்கள், நிறையக் கூடிப் பேசியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், நடுநடுவே நின்றார்கள். பலர் கைக்கடிகாரமே கட்டவில்லை. காலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

வேலை இழப்பும் ஓய்வும் ஒன்றல்ல. மரியன்டாலில் வறுமையும் இருந்தது. ஆனாலும் யஹோடா பிற்காலத்தில் எழுதியது இரண்டுக்கும் பொருந்துகிறது. சம்பளத்தைத் தாண்டி வேலை ஐந்து விஷயங்களைத் தருகிறது என்றார் அவர். நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்கள், ஒரு பெரிய காரியத்தில் நமக்கும் பங்கு உண்டு என்ற உணர்வு, சமூகத்தில் ஓர் அடையாளம், எழுந்து ஏதாவது செய்தே ஆக வேண்டிய கட்டாயம்.

இதை அப்பாவுக்குப் பொருத்திப் பாருங்கள். காலை 5.30 மணி அலாரம். அதே எம்ஆர்டி, கிட்டத்தட்ட அதே பெட்டி. காப்பிக்கடையில் கேட்காமலே வரும் கோப்பி ஓ. வேலையிடத்தில் "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று வந்து நிற்கும் இளையர். ஐந்தும் ஒரே வெள்ளிக்கிழமை மாலையில் நின்றுபோகின்றன. சம்பளத்துக்குப் பதிலாகச் சேமநிதி இருக்கிறது. மற்ற ஐந்துக்கும் அப்படி ஓர் ஏற்பாடு எங்கேயும் கிடையாது. யாராவது உட்கார்ந்து உருவாக்கினால்தான் உண்டு.

முதல் சில மாதம் சந்தோஷமாகத்தானே இருந்தார்?

இருந்திருப்பார். அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் அட்ச்லி 1970களில் ஓய்வுக்காலத்தைக் கட்டங்களாகப் பிரித்தார். முதலில் ஒரு 'தேனிலவு'. தமிழ்நாட்டுப் பயணம், தள்ளிப்போட்ட பல் சிகிச்சை, மத்தியானத் தூக்கம் எல்லாம் அப்போதுதான். பிறகு ஏமாற்றம்: "இவ்வளவுதானா?" அதன் பிறகு புது வழக்கங்களைத் தேடுவது, கடைசியில் நிலைபெறுவது. எல்லாரும் இந்த வரிசையில் போவதில்லை. ஏமாற்றக் கட்டமே வராதவர்களும் உண்டு. ஆனால் மூன்றாவது மாதம் சிரித்தவர் ஒன்பதாவது மாதம் சிடுசிடுப்பது வினோதம் இல்லை என்று தெரிந்திருப்பது நல்லது.

இன்னொரு கணக்கும் உண்டு. 1967இல் ஹோம்ஸ், ராகே என்ற இரு மனநல மருத்துவர்கள் வாழ்க்கை மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். துணைவரின் மரணத்துக்கு 100, திருமணத்துக்கு 50, ஓய்வுக்கு 45. கல்யாணத்துக்கு ஒரு வருஷம் ஓடியாடித் தயார் ஆகிறோம். ஓய்வுக்கு? ஒரு கேக், ஒரு குழுப்படம்.

அம்மாவின் நிலைமை?

இது அதிகம் பேசப்படாத பக்கம். மரியன்டாலில் பெண்களின் நாள் அந்த அளவுக்குக் கலைந்துபோகவில்லை. ஆலை மூடினாலும் அடுப்பு மூடவில்லையே! இன்றும் வேலைக்குப் போய் ஓய்வுபெறும் அம்மாக்கள் பலருக்கு அலுவலக வேலை மட்டும்தான் முடிகிறது, வீட்டு வேலை தொடர்கிறது.

அதோடு, இத்தனை வருஷம் பகலில் காலியாக இருந்த வீட்டில் இப்போது அப்பா. "அரிசியை ஏன் இந்த டப்பாவில வைக்கிற?" என்று மேற்பார்வை வேறு. சண்டை வருவதில் ஆச்சரியமில்லை. அப்பாவின் ஓய்வைப் பற்றிப் பேச உட்காரும்போது அம்மாவும் மேசையில் இருக்க வேண்டும்.

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் போதுமே?

சிலருக்கு அதுவே பெரிய மகிழ்ச்சி. பேரப்பிள்ளைகளைப் பெற்றோர் கவனித்துக்கொண்டால், பணிபுரியும் தாய்க்கு 3,000 வெள்ளி வரி நிவாரணம்கூட உண்டு, நிபந்தனைகளோடு. ஆனால் வாரம் ஐந்து நாள், காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை என்றால் அது பொழுதுபோக்கு இல்லை, முழுநேர வேலை. அதிலும் மகளோ மருமகளோ முதலாளி! "சும்மாதானே இருக்கீங்க" என்று தொடங்காமல், எத்தனை நாள் முடியும் என்று கேட்டுவிட்டு, அவருக்கென்று இரண்டு நாளாவது விட்டுவைப்பது நியாயம்.

எங்கே தொடங்கலாம்?

பக்கத்துப் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே இருக்கலாம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கான துடிப்பான மூப்படைதல் நிலையங்கள் வீவக வட்டாரங்களில் உள்ளன. உடற்பயிற்சி, கூட்டுச் சமையல், கைவினை என்று நடக்கும். "அது வயசானவங்க போற இடம்" என்று 64 வயதுக்காரர் சொல்வார். அவரிடம் அங்கே தொண்டூழியராகப் போகச் சொல்லிப் பாருங்கள். அதே இடம், ஆனால் உள்ளே போகும் தோரணையே மாறிவிடும். யஹோடா சொன்ன அடையாளம் இதுதான்.

1998இல் தொடங்கிய ஆர்எஸ்விபி சிங்கப்பூர், மூத்த தொண்டூழியர்களுக்கென்றே இருக்கும் அமைப்பு. தனியாக வாழும் மூத்தோரை வீட்டில் சென்று பார்க்கும் நட்புச் சேவைகளும் உண்டு. தமிழ் மட்டுமே பேசும் ஒரு பாட்டிக்குத் தமிழில் கதை பேச ஒருவர் கிடைத்தால் அது எவ்வளவு பெரிய விஷயம்! படிக்க ஆசையென்றால் நேஷனல் சில்வர் அகாடமி 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பாடங்கள் நடத்துகிறது. பலவற்றுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகையைப் பயன்படுத்தலாம். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழு எங்கும் ஆள் தேவைதான்.

ஆனால் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் வேலை முடிந்துவிடாது. "ஏதாவது ஹாபி வச்சுக்குங்க பா" என்பது யாரையும் வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்ததில்லை. வேலையில் எது பிடித்தது என்று கேளுங்கள். ஆட்களைப் பிடித்ததா, கைவேலையைப் பிடித்ததா, நாலு பேர் ஆலோசனை கேட்டது பிடித்ததா? 30 வருஷம் லாரி ஓட்டியவருக்கு ஓவிய வகுப்பைவிட, முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் சேவை பொருந்தலாம். கிழமையும் நேரமும் குறித்த, தான் வராவிட்டால் யாராவது "எங்கே காணோம்?" என்று கேட்கும் ஒரு காரியம் வாரத்தில் ஒன்று இருந்தாலே நாள்களுக்கு ஓர் அமைப்பு வந்துவிடும். முடிந்தால் அதை ஓய்வுக்கு முன்பே, வேலையில் இருக்கும்போதே தொடங்கிவிடுவது சுலபம்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

சலிப்பு வேறு, மனச்சோர்வு வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ சரியில்லை, பிடித்த விஷயங்களிலும் நாட்டமில்லை, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வருகிறது என்றால் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல உதவி எண் 1771. சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் எண் 1767. இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.