மனநோய் மருந்தும் பாக்கின்சன் போன்ற நடுக்கமும்

கோலியர்ஸ் வுட்டில் நோர்தேர்ன் லைன் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் ரூட்டிங் பெக். அதற்குக் கிட்டத்தான் 1841இல் திறக்கப்பட்ட ஸ்பிரிங்ஃபீல்ட் மனநல வைத்தியசாலை. அதன் பேரை அயலவர் காதில் விழச் சொல்லவே தயங்குகிற நாம், மனநோய்க் குளிசை எடுக்கும் ஒருவருக்குக் கை நடுங்கினாலும் கதைப்பதில்லை. "வயது போனால் வரும்தானே" என்று விட்டுவிடுகிறோம்.

காதில் குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவற்றைத் தணிக்கும் மருந்துகள், மூளையில் டோபமைன் வேலை செய்யும் இடங்களை அடைக்கின்றன. உடல் அசைவைச் சீராக வைத்திருப்பதும் அதே டோபமைன்தான். அது தடைப்பட்டால் நடை சுருங்கும், கைவீச்சுக் குறையும், முகம் உணர்ச்சியற்றுப் போகும், உடல் இறுகும். ஹலோபெரிடோல் போன்ற பழைய மருந்துகளில் இது அதிகம். ரிஸ்பெரிடோனிலும் அளவு கூடக்கூட வரும். குவெற்றியாபின், குளோசபின் இரண்டிலும் குறைவு.

இந்தத் தொடர்பு வெளிச்சத்துக்கு வந்ததில் எங்கள் பக்கத்து மூலிகை ஒன்றுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தி வேர் மனநோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் உதவும் என்று 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் எழுதினார்கள். பின்னர் அந்த வேரிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பினை எடுத்தவர்களில் சிலர், பாக்கின்சன் வந்தவர்போல் இறுகிப் போனார்கள். 1957இல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களை எல்-டோபா கொடுத்து எழுப்பினார். 2000இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. எல்-டோபா இன்று பாக்கின்சனுக்கு முக்கிய மருந்து. ஆனால் மனநோய் மருந்தால் வரும் இறுக்கத்துக்கு அது பெரிதாக உதவுவதில்லை.

மருந்தால் வருவது, அதைத் தொடங்கி அல்லது அளவைக் கூட்டி மூன்று மாதத்துக்குள், பெரும்பாலும் இரு பக்கமும் தெரியும். பாக்கின்சன் வழக்கமாக ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். ஐயமிருந்தால் டாட்ஸ்கான் என்ற மூளைப் படம் எடுப்பார்கள். மருந்தைக் குறைத்தால் அல்லது மாற்றினால் பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தணியும். அதை வைத்தியர்தான் செய்யவேண்டும். வீட்டில் திடீரென நிறுத்தினால் பழைய வருத்தம் கடுமையாகத் திரும்பலாம்.

வைத்தியரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் கொண்டுபோங்கள். வாந்திக்கு எடுக்கும் மெற்றோகுளோபிரமைட்டும் தலைச்சுற்றுக்கு எடுக்கும் ஸ்டெமெற்றிலும் இதே நடுக்கத்தைத் தரக்கூடியவை. ஊரிலிருந்து வந்த பென்செக்சோல் இருந்தால் அதையும் காட்டுங்கள். நடுக்கத்துக்கு நல்லதுதான், ஆனால் முதியவர்களின் நினைவைக் குழப்பும். மொழிபெயர்க்கப் பேரப்பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டியதில்லை. முன்கூட்டியே கேட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஒழுங்கு செய்வார்கள்.