தாளடுக்கில் தோன்றும் மனிதர்

வண்ணம் தீட்டாத கோட்டோவியத்தைப் பழந்தமிழர் 'புனையா ஓவியம்' என வழங்கினர். கோடுகளைக் கொண்டே ஓர் உருவின் உயிர்ப்பைக் காட்டலாகும் என்னும் தெளிவு அச்சொல்லில் அடங்கியுள்ளது. இக்கால ஓவியர் கோட்டோடு அமையாது, செய்தித்தாள், நிழற்படம், மெல்லிய தாள் முதலியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அவற்றின்மீது மையும் வண்ணமும் இட்டு, முகம் தெளியாத மனித உருவங்களை அமைக்கின்றனர். இதனைக் கலப்பு ஊடக ஓவியம் என்பர். 'உருவம் இருக்கிறது, முகம் எங்கே?' என மாணவர் வினவுவது இயல்பே. அதற்குரிய விடையை இக்கலையின் வரலாறு தருகின்றது.

1912ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் பிக்காசோ, பிராக் ஆகிய இருவரும் சுவர்த்தாளையும் செய்தித்தாளையும் வெட்டித் தம் ஓவியங்களில் ஒட்டினர். பிக்காசோ ஒட்டிய தாள்களுள் சிலவற்றில் அன்று நடந்த பால்கன் போர்ச் செய்திகள் இடம்பெற்றிருந்தன. வரையப்பட்டது உலகின் சாயல். ஒட்டப்பட்ட தாளோ உலகின் ஒரு துண்டு. இவ்வேறுபாடே புதிய கலைக்கு வித்தாயிற்று.

உருவைச் சுருக்கினால் மனிதன் மறைந்துபோவான் என அஞ்சுவோர் உளர். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969ஆம் ஆண்டில் ஓவியர் கே. எம். ஆதிமூலம் தீட்டிய கோட்டோவியங்கள் அவ்வச்சத்தைப் போக்குவன. தடித்தும் மெலிந்தும் ஓடும் சில கோடுகளில் அண்ணலின் நடையும் முதுமையும் உறுதியும் விளங்குகின்றன. நிழற்படத்தின் நுணுக்கம் அங்கில்லை. ஆயினும் அடிகளை அறியாதார் இலர்.

மலேசியாவில் இந்நெறி சமுதாய நோக்குடன் வளர்ந்தது. 1958இல் கோலாலம்பூரில் தேசியக் கலைக்கூடம் நிறுவப்பெற்றது. 1973இல் அக்கலைக்கூடம் 'மனிதனும் அவன் உலகமும்' என்னும் பொருளில் நடத்திய போட்டிக் கண்காட்சியில் நிர்மலா தத் சண்முகலிங்கத்தின் 'கூற்று 1' என்னும் படைப்பு பரிசு பெற்றது. 1941இல் பினாங்கில் பிறந்த இவ்வம்மையார், டமன்சாரா வட்டாரத்தில் நிலம் சீர்குலைந்த நிலையை நிழற்படங்களையும் கழிபொருள்களையும் கொண்டே எடுத்துக்காட்டினார். கிள்ளான் பள்ளத்தாக்கு விரைந்து நகரமாகிய காலம் அது. எழுந்த கட்டடங்களைப் பலர் கண்டனர்; அவற்றின் அடியில் குவிந்த குப்பையை அவர் கண்டார்.

பின்னர் அவர் நாளிதழ்களில் வெளிவந்த போர்க்காட்சிகளையும் எளியோர் துயரையும் தம் ஒட்டோவியங்களிற் கொணர்ந்தார். 1986இல் அமெரிக்கா லிபியாவின்மீது குண்டு வீசியது. அதன் எதிரொலியாக அவர் படைத்த 'நெருக்கடியில் நண்பர்கள்' என்னும் ஓவியத்தில், அமெரிக்க அதிபர் ரீகனும் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரும் வாயாங் கூலிட் பாவைகளின் சாயலில் தோன்றுகின்றனர். வாயாங் கூலிட் என்பது கிளந்தானில் இராமகாதையை நிகழ்த்தும் தோற்பாவை நிழற்கூத்து. தமிழகத்துத் தோற்பாவைக் கூத்தும் அதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. பாவையின் முகத்தில் தனிமனிதச் சாயலை எவரும் தேடுவதில்லை. நிற்கும் நிலையும் கைவீச்சும் கண்டே அரக்கன் யார், அறவோன் யார் எனச் சிறுவரும் உணர்வர். ஆதலின் சுருக்கிய உருவம் மேனாட்டிலிருந்து மட்டும் வந்த புதுமை அன்று. நம் கூத்து மேடைகளில் நெடுங்காலம் பயின்றதே.

இவ்வகை ஓவியத்தில் தாளடுக்கும் பொருளுடையது. வரலாற்றேட்டில் பேரரசர் பெயர் நிலைக்கின்றது; வீடிழந்தோரும் போரில் மாண்டோரும் நாளிதழில் ஒரு நாள் தோன்றி மறுநாள் மறைகின்றனர். ஓவியர் அத்தாளை எடுத்து ஒட்டி, அதன்மீது கோடிடுகின்றார். மேலடுக்கு கீழடுக்கை முற்றும் மறைப்பதில்லை. பாதி எழுத்தும் பாதி முகமும் புலப்படுகின்றன. மறைக்கப்பட்டது இன்னும் அங்கே இருக்கின்றது என்பதே அதன் கூற்று. முகம் தெளியாமை ஓவியரின் குறையன்று. அம்மக்களை நாம் கண்ட முறையே அவ்வாறுதான் இருந்தது.

நிர்மலா 2016இல் மறைந்தார். அவர்தம் படைப்புகள் நாட்டின் கலை வரலாற்றில் இடம்பெற்றுள்ளன. இத்தகு ஓவியத்தின் முன் நிற்கும் மாணவரிடம், 'இது யாருடைய உருவம்?' என்பதோடு, 'இதன் கீழே யார் இருக்கின்றார்?' என்றும் ஆசிரியர் வினவுதல் வேண்டும். மொழிப்பாடத்தில் சொல்லின் அடியிலுள்ள பொருளைத் தேடப் பழகிய தமிழ் மாணவர்க்கு அத்தேடல் அரிதன்று.