தீப்பெட்டி சொல்லும் பாடம்

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறான். "ஆவி அடிக்கிற இடம் சார். எல்லாருக்கும் மாஸ்க் கொடுத்தாச்சு. யாரும் ஒழுங்கா போட மாட்டேங்கிறாங்க" என்று அலுத்துக்கொண்டான். நான் பூஜை அறையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தேன். வரலாற்று வாத்தியார் வேறென்ன செய்வார்?

19ஆம் நூற்றாண்டில், எங்கே உரசினாலும் பற்றும் தீக்குச்சியின் தலையில் வெண் பாஸ்பரஸ் இருந்தது. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளிக்கு முதலில் பல்வலி வரும். பிறகு சீழ் பிடிக்கும். கடைசியில் தாடை எலும்பே அழுகும். வியன்னா மருத்துவர் லோரின்சர் 1845இலேயே இதை எழுதிவிட்டார். மாற்று வழியும் சீக்கிரமே வந்தது. ஸ்வீடனில் நஞ்சில்லாத சிவப்பு பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கவாட்டில் பூசினார்கள். இன்று நம் வீட்டில் இருப்பதும் அதுதான்.

ஆபத்தும் தெரியும், தீர்வும் தெரியும். ஆனாலும் பழைய குச்சிதான் மலிவு. அதனால் நஞ்சை விட்டுவிட்டு, கையைக் கழுவு, பல்லைப் பிடுங்கு என்று தொழிலாளியைத் திருத்தப் பார்த்தார்கள்.

1888 ஜூனில் அன்னி பெசன்ட், ஆம், பின்னாளில் நம் அடையாறில் வாழ்ந்த அதே அம்மையார், கிழக்கு லண்டனில் இருந்த பிரையன்ட் அண்ட் மே தொழிற்சாலைப் பெண்களின் நிலையை எழுதினார். அது பொய் என்று கையெழுத்துப் போடச் சொன்னது நிர்வாகம். பெண்கள் மறுத்தார்கள். ஜூலையில் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கி வென்றார்கள். கூலியில் பிடித்த அபராதங்கள் ஒழிந்தன. சாப்பிடத் தனி இடம் கிடைத்தது. அதுவரை வேலை செய்த இடத்திலேயே ரொட்டி தின்றதால், நஞ்சும் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் வெண் பாஸ்பரஸ் போகவில்லை. நோயாளிகளை மறைத்ததற்காக அதே நிறுவனம் 1898இல் அபராதம் கட்டியது. 1906இல்தான் பெர்ன் நகரில் நாடுகள் கூடித் தடை ஒப்பந்தம் போட்டன. பிரிட்டன் 1908இல் சட்டம் இயற்றியது, இந்தியாவில் 1913இல் வந்தது. 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கும் முன்பே இந்த நஞ்சு சட்டப்படி விலக்கப்பட்டுவிட்டது. தீ விபத்தும் குழந்தைத் தொழிலும் அங்கே தந்த துயரம் தனிக்கதை.

லோரின்சர் எழுதியதிலிருந்து பெர்ன் வரை 61 ஆண்டுகள். எத்தனை தாடைகள்!

"மாஸ்க் கடைசிப் படிப்பா" என்றேன். "அந்தப் பொருளே வேண்டாமா என்று முதலில் கேள். முடியாவிட்டால் மூடி வை. அதுவும் முடியாவிட்டால் ஆவியை உறிஞ்சி வெளியேற்று. அதற்கப்புறம் மாஸ்க்."

"செலவாகும்னு சொல்வாங்க சார்."

"லண்டனிலும் அதையேதான் சொன்னார்கள்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். கிளம்பும்போது, "இதை எடுத்துக்கவா சார்?" என்று தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நண்பர்களே, உங்கள் இடத்தில் முதல் கேள்வியை யாராவது கேட்டார்களா?